போன கரண்ட் திரும்பி வர வேண்டும்: பழைய வண்டிக்குள் புது விளக்கு போடுவது எப்படி?

சித்தப்பா மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் பூக்கடை வைத்திருக்கிறார். விடியற்காலை மூன்று மணிக்கெல்லாம் 1998 மாடல் மாருதி ஆம்னி வேனை எடுத்துக்கொண்டு கோயம்பேடு போய்ப் பூ ஏற்றி வருவார். அந்த வண்டியின் கூரையில் இருக்கும் ஒரே விளக்கு முன்சீட்டுக்குத்தான் வெளிச்சம் தரும். பின்சீட்டைக் கழற்றிவிட்டு மூட்டை அடுக்கும் இடம் கும்மிருட்டு. செல்போன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒரு கையால் மல்லி மூட்டையைத் தள்ளி, மறுகையால் துளசிக் கட்டுகளை எண்ணுவார். பார்க்கவே பாவமாக இருந்தது. பின்னால் ஒரு விளக்கு போட்டுவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்தோம்.

முதலில் டிரைவர் பக்கத்து டோர் ஸ்விட்ச்சைக் கழற்றினேன். கதவு மூடும்போது உள்ளே அமுங்குமே, அந்தச் சின்னக் குமிழ். ஒரே ஒரு ஸ்குரூதான். வெளியே இழுத்ததும் அதன் பின்னால் ஒரே ஒரு வயர் தொங்கியது. சித்தப்பா உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்பா, வீட்டு ஸ்விட்ச்சுல ரெண்டு வயர் இருக்கும். இதுல ஒண்ணுதானே இருக்கு? இன்னொண்ணு அறுந்துபோச்சா?"

நல்ல கேள்வி. வண்டி வயரிங் கற்றுக்கொள்ள நினைக்கும் யாரும் இந்தக் கேள்வியில்தான் தொடங்க வேண்டும். இதற்குப் பதில் பிடிபட்டுவிட்டால் மீதி வேலை எல்லாம் கைவேலைதான்.

மின்சாரம் ஒரு முனையில் கிளம்பி விளக்கோடு நின்றுவிடுவதில்லை. பேட்டரியின் பாசிட்டிவில் கிளம்பி, விளக்கு வழியாகப் போய், பேட்டரியின் நெகட்டிவுக்கே திரும்பி வந்தாக வேண்டும். திரும்பும் வழி எங்காவது அறுந்திருந்தால், முன்பாதி எவ்வளவு சரியாக இருந்தாலும் விளக்கு எரியாது. வீட்டில் போக ஒரு வயர், திரும்ப ஒரு வயர். வண்டியில் திரும்பி வரும் வயரை மிச்சப்படுத்திவிட்டார்கள். பேட்டரியின் நெகட்டிவிலிருந்து ஒரு தடித்த கேபிள் வந்து வண்டியின் இரும்பு உடம்பில் போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருக்கும். அதனால் தரை, கூரை, கதவுச் சட்டம் என்று ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும் தகடு முழுவதும் திரும்பும் வயர்தான். மெக்கானிக்குகள் இதைப் 'பாடி எர்த்' என்பார்கள். வீட்டில் ஷாக் அடிக்காமல் இருக்க மண்ணில் புதைக்கும் எர்த்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பெயர் மட்டும்தான் ஒன்று.

சித்தப்பாவுக்குப் புரியவைக்க மின்சார ரயிலைத்தான் காட்டினேன். 1931 முதல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே ஓடுகிறது. ரயிலுக்கு மேலே மின்சாரம் கொண்டுவரும் கம்பி ஒன்றே ஒன்று. அப்படியானால் மின்சாரம் எப்படித் திரும்புகிறது? சக்கரம் வழியாகத் தண்டவாளத்தில் இறங்கித் திரும்புகிறது. ஆம்னியின் தகடும் அந்தத் தண்டவாளம் மாதிரிதான். டோர் ஸ்விட்ச்சின் இரண்டாவது வயர் அறுந்துபோகவில்லை. அந்த ஸ்குருதான் இரண்டாவது வயர்.

இப்போது டோர் ஸ்விட்ச் வேலை செய்யும் விதத்தைக் கவனியுங்கள். வீட்டில் ஸ்விட்ச் விளக்குக்கு முன்னால், கரண்ட் வரும் பக்கம் இருக்கும். மாருதி உட்படப் பெரும்பாலான ஜப்பானிய வடிவமைப்பு வண்டிகளில் ரூஃப் லைட்டுக்கு அப்படி இல்லை. பாசிட்டிவ் வயர் சாவி போட்டாலும் போடாவிட்டாலும் எப்போதும் விளக்கில் வந்து காத்திருக்கும். ஸ்விட்ச் திரும்பும் வழியில் இருக்கும். கதவு மூடியிருக்கும்போது குமிழ் அமுங்கி, வழி துண்டிக்கப்பட்டிருக்கும். கதவைத் திறந்தால் ஸ்பிரிங் குமிழை வெளியே தள்ள, அந்த ஒற்றை வயர் ஸ்குரு வழியாகத் தகட்டைத் தொடும். வழி முழுமையாகும், விளக்கு எரியும். இப்படி வைப்பதில் ஒரு வசதி உண்டு. எத்தனை கதவு இருந்தாலும் அத்தனை ஸ்விட்ச்சையும் ஒரே வயரில் சேர்த்துவிடலாம். ஏதாவது ஒன்று தகட்டைத் தொட்டால் போதும்.

சில பழைய வண்டிகளில் இது தலைகீழாக, பாசிட்டிவ் பக்கமே ஸ்விட்ச் இருக்கலாம். அதனால் உங்கள் வண்டியில் எப்படி என்று மீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள். ரூஃப் லைட்டின் கண்ணாடி மூடியைக் கழற்றி, அதன் ஸ்விட்ச்சை 'டோர்' நிலையில் வையுங்கள். மல்ட்டிமீட்டரை (வோல்ட் அளக்கும் மீட்டர்) டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, கருப்பு முனையைப் பெயின்ட் இல்லாத தகட்டில் ஊன்றி, சிவப்பு முனையால் பல்பின் இரு பக்கங்களையும் தொடுங்கள். கதவுகள் மூடியிருக்கும்போது இரண்டு பக்கமும் 12 வோல்ட் காட்டும். புதிதாகக் கற்பவர்கள் இந்த இடத்தில்தான் திகைத்துப்போவார்கள். இரண்டு பக்கமும் கரண்ட் வந்தும் பல்பு ஏன் எரியவில்லை? இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம் இருந்தால் ஓட்டம் இருக்காது. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவேதான் தண்ணீர் ஓடும். இரண்டு பக்கமும் மேடாக இருந்தால் அப்படியே நிற்கும். இப்போது யாரையாவது ஒரு கதவைத் திறக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் 12 வோல்ட்டிலேயே நிற்க, மறுபக்கம் சட்டென்று பூஜ்யத்துக்கு இறங்கும். பல்பும் எரியும். இறங்கிய பக்கம்தான் டோர் ஸ்விட்ச் வயர், இறங்காத பக்கம் நிரந்தர பாசிட்டிவ். வயரின் நிறத்தை நம்பி வேலை செய்யாதீர்கள். இருபது வருட வண்டியில் எத்தனை கைகள் பட்டிருக்குமோ, நிறத்துக்கு அர்த்தம் எப்போதோ போயிருக்கும்.

வயரில் கை வைப்பதற்கு முன் பேட்டரியைக் கழற்ற வேண்டும். நெகட்டிவைத்தான் முதலில் கழற்ற வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள், ஏன் என்று சொல்ல மாட்டார்கள். வண்டி முழுக்க நெகட்டிவ் என்பது தெரிந்துவிட்டதால் காரணம் இப்போது உங்களுக்கே விளங்கும். பாசிட்டிவ் நட்டை முதலில் திருகினால், ஸ்பேனரின் மறுமுனை தவறித் தகட்டில் பட்டதும் பேட்டரியின் இரு முனைகளும் நேராகச் சேர்ந்துவிடும். ஒரு கார் பேட்டரி அந்த நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ளும், ஸ்பேனர் ஒட்டிக்கொண்டு பழுக்கும். நெகட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் தகட்டில் பட்டால் ஒன்றும் ஆகாது, நெகட்டிவ் நெகட்டிவைத்தான் தொடுகிறது. அது கழன்ற பிறகு பாசிட்டிவைத் தொட்டாலும் திரும்பும் வழி இல்லை. மாட்டும்போது இதைத் திருப்பிச் செய்யுங்கள்: பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். எல்.பி.ஜி.யில் ஓடும் ஆம்னிகளும் உண்டு. உங்கள் வண்டியும் அப்படி என்றால், கதவுகளை எல்லாம் திறந்து காற்றாட விட்டுவிட்டு, கொஞ்சம் கேஸ் வாடைகூட இல்லை என்று உறுதி செய்துகொண்டு பேட்டரியைத் தொடுங்கள். புது வயரை சிலிண்டர் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

சரி, எந்த விளக்கை வாங்குவது? வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். பழைய ரூஃப் லைட்டுகளில் இருக்கும் 10 வாட் பல்பு 12 வோல்ட்டில் சுமார் 0.8 ஆம்பியர் இழுக்கும். 3 வாட் எல்.இ.டி. இழுப்பது 0.25 ஆம்பியர்தான். அணைக்க மறந்தால் என்ன ஆகும் என்று பார்த்தால் இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பது தெரியும். 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி முழு சார்ஜில் இருந்தால் 10 வாட் பல்பைக் கணக்குப்படி 42 மணி நேரம் எரிக்கும், எல்.இ.டி.யை 140 மணி நேரம். ஆனால் பேட்டரி முழுக்கக் காலியாவதற்கு முன்பே, பாதி இறங்கினாலே, ஸ்டார்ட்டர் திணற ஆரம்பிக்கும். மூன்று வயதான பேட்டரியில் கணக்கு இன்னும் மோசம். விடியற்காலை மூன்று மணிக்குச் சித்தப்பா வண்டியைத் தள்ளிக்கொண்டு நிற்பதை என்னால் நினைத்தே பார்க்க முடியவில்லை. அதனால் எல்.இ.டி.தான்.

எல்.இ.டி.யில் ஒரு விஷயம். ரிச்சி தெருவில் மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுக்கும் 12 வோல்ட் ஸ்ட்ரிப்பில் மூன்று மூன்று எல்.இ.டி.யாகச் சேர்த்து, கூடவே கரண்ட்டைக் கட்டுப்படுத்த ஒரு சின்ன ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். வெள்ளை எல்.இ.டி. ஒவ்வொன்றும் 3 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே எடுத்துக்கொள்ளும். மூன்றும் எடுத்தது போக, மிச்சம் ஏறக்குறைய இரண்டரை, மூன்று வோல்ட்தான் ரெசிஸ்டர் மேல் விழும். அந்த மிச்சம்தான் எவ்வளவு கரண்ட் ஓடும் என்பதைத் தீர்மானிக்கிறது. இப்போது இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கும். கூடிய இரண்டு வோல்ட்டில் பெரும்பகுதி ரெசிஸ்டர் தலையில்தான் விழும். பார்த்தால் 12 இருந்தது 14 ஆகியிருக்கிறது, சின்ன வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் ஸ்ட்ரிப்புக்குள் ஓடும் கரண்ட் ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். சூடாகி, சில மாதங்களில் மூன்று மூன்றாகச் செத்துப்போவதற்கு இதுதான் காரணம். வாகனத்துக்கென்றே வரும் எல்.இ.டி. விளக்கில் '10-30 வோல்ட்' என்று அச்சிட்டிருக்கும். உள்ளே கரண்ட்டைச் சீராக வைக்கும் சர்க்யூட் இருக்கும். ஜெனரல் பேட்டர்ஸ் சாலை ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் அதைக் கேட்டு வாங்குங்கள். கொஞ்சம் கூட விலையானாலும் அதற்குத் தகும்.

விளக்கை எங்கே இணைப்பது என்பதில் நான் ஒரு தப்பு செய்தேன். அதையே பாடமாகச் சொல்கிறேன். முதலில் பழைய பல்பு ஒன்றை வைத்துத்தான் சோதித்துப் பார்த்தேன். நெகட்டிவ் முனையை டோர் ஸ்விட்ச் வயரில் சேர்த்தேன். பாசிட்டிவை மட்டும், கைக்கு எட்டியது என்பதால், ரேடியோ வயரில் எடுத்தேன். சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் வயர் அது. கதவுகளை மூடி, சாவியைப் போட்டால் இரண்டு விளக்கும் அணைந்திருந்தன. சாவியை எடுத்ததும் இரண்டும் நெருப்புக் கங்கு மாதிரி மங்கலாக எரிந்தன. பேய் பிடித்த வண்டி மாதிரி இருந்தது. வழியைத் தேடிப் பார்த்தால் விஷயம் எளிது. ரூஃப் லைட்டில் எப்போதும் பாசிட்டிவ் இருக்கிறது. அது பல்பைத் தாண்டி டோர் ஸ்விட்ச் வயருக்கு வருகிறது. கதவு மூடியிருப்பதால் தகட்டுக்குப் போக வழியில்லை. ஆனால் நான் அங்கே ஒரு புதுக் குறுக்குவழியைத் திறந்து வைத்திருந்தேன். புது பல்பு வழியாகப் பின்னோக்கிப் போய், ரேடியோ வயருக்குள் நுழைந்து, ரேடியோ வழியாகத் தகட்டுக்கு இறங்கிவிட்டது. சாவி போட்டிருக்கும்போது ரேடியோ வயரிலும் 12 வோல்ட் நின்றதால் ஓட்டம் இல்லை. திரும்பி வர ஏதாவது ஒரு வழி கிடைத்தால் மின்சாரம் அதைப் பிடித்துக்கொள்ளும், நாம் நினைத்த வழியா என்று பார்க்காது.

அதனால் நெகட்டிவை டோர் ஸ்விட்ச் வயரோடு சேர்ப்பதென்றால், பாசிட்டிவையும் அதே ரூஃப் லைட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். பழைய விளக்கின் இரண்டு பக்கமும் எந்த வயர் இருக்கிறதோ, புது விளக்கின் இரண்டு பக்கமும் அதுவே. அப்போதுதான் இரண்டும் தனித்தனியாக முழு 12 வோல்ட்டையும் பெறும். ஒன்றின் வாலில் இன்னொன்றைக் கட்டினால் திருவிழா சீரியல் செட் மாதிரி இருக்கும் வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்ளும், இரண்டும் மங்கும். எல்.இ.டி. என்றால் சிவப்பு வயர் பாசிட்டிவுக்கு, கருப்பு டோர் ஸ்விட்ச் பக்கத்துக்கு. மாற்றிக் கொடுத்தால் எரியாது.

சித்தப்பா இன்னொன்று கேட்டார். மூட்டை ஏற்றும்போது எந்தக் கதவு மூடியிருந்தாலும் விளக்கு எரிய வேண்டும், ஏற்றி முடித்ததும் கதவோடு சேர்ந்து அணைய வேண்டும். நடுவில் ஆஃப் உள்ள மூன்று நிலை ஸ்விட்ச் ஒன்று போதும். விளக்கின் கருப்பு வயர் ஸ்விட்ச்சின் நடுக்காலுக்கு. ஒரு பக்கக் கால் டோர் ஸ்விட்ச் வயருக்கு, மறுபக்கக் கால் நேராகத் தகட்டுக்கு. ஒரு பக்கம் தட்டினால் கதவோடு எரியும், மறுபக்கம் தட்டினால் எப்போதும் எரியும், நடுவில் வைத்தால் எரியவே எரியாது. உங்கள் ரூஃப் லைட்டுக்குள் இருக்கும் சின்னத் தள்ளு ஸ்விட்ச்சும் இதையேதான் செய்கிறது.

ஃபியூஸ் பற்றி ஒரு தவறான எண்ணம் பலருக்கு இருக்கிறது, விளக்கைக் காப்பாற்றத்தான் ஃபியூஸ் என்று. இல்லை, அது வயரைக் காப்பாற்றுகிறது. ரூஃப் லைட் லைனில் ஏற்கெனவே 10 அல்லது 15 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கலாம். அது அங்கே ஏற்கெனவே ஓடும் தடித்த வயருக்குப் பொருத்தமானது. நீங்கள் சேர்க்கும் மெல்லிய வயர் எங்காவது உரசித் தகட்டில் பட்டால், 15 ஆம்பியர் ஃபியூஸ் எரிவதற்குள் உங்கள் வயர் சூடேறி, அதன் மேலிருக்கும் கூரைத் துணியும் ஸ்பான்ஜும் புகைய ஆரம்பிக்கலாம். ஆகவே பாசிட்டிவை எந்த இடத்தில் பிரிக்கிறீர்களோ, அங்கிருந்து ஒரு சாணுக்குள் தனி ஃபியூஸ் ஹோல்டர் போட்டு 2 அல்லது 3 ஆம்பியர் ஃபியூஸ் வையுங்கள். பிளேடு ஃபியூஸில் 2 என்றால் சாம்பல் நிறம், 3 என்றால் ஊதா. ஃபியூஸை விளக்கின் பக்கத்தில் வைத்துப் பயனில்லை, அதற்கு முன்னால் ஓடும் வயர் முழுக்கக் காவலில்லாமல் கிடக்கும்.

வயர் 0.75 சதுர மில்லிமீட்டர் போதும். மின்சாரத்துக்கு 0.5 கூடப் போதும், இழுத்துப் பதிக்கும்போது அறாமல் இருக்கக் கொஞ்சம் தடிமன் நல்லது. பல இழை உள்ள வாகன வயராக இருக்க வேண்டும். வீட்டு வேலையில் மிஞ்சிய ஒற்றைக் கம்பி வயரைப் போட்டால் வண்டி ஆட்டத்தில் உள்ளுக்குள்ளேயே ஒடிந்துவிடும். இணைப்பை முறுக்கி டேப் சுற்றி விடாதீர்கள். கத்திரி வெயிலில் பூட்டி நிறுத்திய வண்டியின் கூரைத் தகடு தொட முடியாமல் சுடும். டேப்பின் பசை இளகி, டேப் கழன்று தொங்குவதைப் பழைய வண்டியின் டேஷ்போர்டுக்கு அடியில் குனிந்தால் எங்கும் பார்க்கலாம். கிரிம்ப் செய்து, அதாவது உலோக இணைப்பானுக்குள் வயரை விட்டுக் குறடால் நசுக்கி, மேலே சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். தகட்டு ஓட்டை வழியாக வயர் போகும் இடத்தில், விளிம்பு உரசாமல் காக்கும் ரப்பர் வளையமான கிராமெட் கட்டாயம். பழைய கிராமெட் புதுப்பேட்டையில் கைப்பிடி கணக்கில் கிடைக்கும், ஆனால் ரப்பர் வெடித்திருக்கும். புதிதாகவே வாங்குங்கள்.

இனி, சென்னைக்காரர்கள் மற்ற எதையும்விட அதிகம் கவனிக்க வேண்டிய இடம், எர்த் ஸ்குரு. கடல் காற்று படும் ஊர் இது. திருவான்மியூரிலோ காசிமேட்டிலோ நிற்கும் வண்டியின் போல்ட்டுகளைப் பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையிலும் தண்ணீரில் நின்ற வண்டிகள் இன்னும் எத்தனையோ ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் தரைத் தகட்டில் இருக்கும் எர்த் போல்ட்டுகள் வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும் அடியில் துரு பிடித்திருக்கும். துருவும் பெயின்ட்டும் மின்சாரத்தை விடாது. 10 வாட் பல்பின் திரும்பும் வழியில் 5 ஓம் அளவு துரு இருந்தாலே வெளிச்சம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். பல்பை மாற்றுவார்கள், பேட்டரியை மாற்றுவார்கள், அந்த ஸ்குருவை மட்டும் யாரும் பார்க்க மாட்டார்கள்.

சித்தப்பாவின் டோர் ஸ்விட்ச்சும் அப்படித்தான் இருந்தது. ஸ்குரு வெளியே வந்தபோது அதன் மரையில் காப்பிப்பொடி மாதிரி துரு உதிர்ந்தது. ஓட்டையைச் சுற்றி ஒரு ரூபாய் நாணய அளவுக்கு உப்புத்தாளால் தேய்த்தேன். சிவப்பு போய், சாம்பல் போய், கடைசியில் வெள்ளி மாதிரி பளபளவென்று இரும்பு தெரிந்தது. அதுவரை நிறுத்தக் கூடாது. புது ஸ்குரு போட்டு இறுக்கி, இறுக்கிய பிறகு மேலே கொஞ்சம் வாசலின் தடவினோம், ஈரம் உள்ளே போகாமல் இருக்க. பின்னால் போட்ட மூன்று நிலை ஸ்விட்ச்சின் எர்த்துக்கும் இதே வைத்தியம்தான்.

வேலை முடிந்ததும் விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். விளக்கை எரியவிட்டு, மீட்டரின் சிவப்பு முனையை விளக்கின் நெகட்டிவ் காலிலும் கருப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் வையுங்கள். திரும்பும் வழி சுத்தமாக இருந்தால் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும். 0.1 வோல்ட் வரை பரவாயில்லை. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் வழியில் எங்கோ துரு உட்கார்ந்திருக்கிறது, அந்த அளவு வோல்ட்டை அது தின்கிறது என்று அர்த்தம். அப்புறம் கதவுகளை மூடி, சாவி போட்டு ஒருமுறை, எடுத்து ஒருமுறை, இருட்டில் பாருங்கள். மங்கலாகக்கூட எதுவும் எரியக் கூடாது.

எங்களுக்கு 0.03 காட்டியது. திங்கட்கிழமை விடியற்காலை நானும் கோயம்பேடு போனேன். சித்தப்பா பின்கதவைத் தூக்கி, கையை உள்ளே விட்டு ஸ்விட்ச்சைத் தட்டினார். நீட்டிக் கிடந்த சாமந்தி மூட்டைகள், ஈரச் சாக்கு, ஓரத்தில் சாய்ந்திருந்த ரோஜாக் கட்டுகள், எல்லாம் தெரிந்தன. செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் எண்ண ஆரம்பித்தார்.